எழுதியதும் எழுதாமல் விட்டதும்

ஒரு மனிதனுடைய வாழ்வின் விஸ்தீரணத்தை அவன் சேர்த்த பொருளைக் கொண்டோ கற்ற கல்வியைக் கொண்டோ அளப்பது உலக வழக்கமாயினும், ஆபத்துக் காலத்தில் அவன் யார் யாரைக் கூப்பிடக்கூடியவனாக இருந்தான், தாம் கூப்பிட்டால் அவன் ஓடி வருவான் என்று யார் யார் நம்பியிருந்தார்கள் என்பதைக் கொண்டு அளப்பதே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த விஸ்தீரணம் முன்னெல்லாம் பல இடங்களில் சிதறிக் கிடந்தது. பாட்டியின் ஞாபகத்தில் ஒரு பகுதி, கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பகுதி, கல்யாணம் வந்தால் பரணிலிருந்து இறக்கப்படும் மொய்ப் புத்தகத்தில் ஒரு பகுதி என்று இருந்தபடியால், ஒன்று கெட்டாலும் மற்றொன்று கைகொடுத்தது. இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு கல்கத்தாவிலிருந்து டில்லிக்குப் பேசப்பட்டது 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள். அதன் பின் வந்த முப்பது ஆண்டுகளுக்குள், சிதறிக் கிடந்த அத்தனை பரிச்சயங்களும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவிக்குள், அதிலும் ஒரே ஒரு கோப்புக்குள் குடிபுகுந்துவிட்டன. குடும்பத்தின் நினைவு முழுவதும் ஓரிடத்தில் சேர்ந்திருப்பது சௌகரியம். அந்த ஓரிடம் கெட்டால் முழுவதும் கெடும் என்பது அதற்கு நாம் கொடுக்கும் விலை.

இந்த விலை எவ்வளவு பெரியது என்பது விழுப்புரம் மாவட்டத்தாருக்கு 2024-ஆம் ஆண்டின் இறுதியில் பிரத்யட்சமாயிற்று. நவம்பர் 30-ஆம் நாள் இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், கரையேறிய பின்னும் நகராமல் நின்று கொட்டித் தீர்த்ததில், மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் நீர் அபாய அளவை மீறியதனால் ரயில்கள் நின்றன. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் தென்பெண்ணை பெருக்கெடுத்தபோது, அரசூருக்கு அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே தண்ணீருக்குள் போயிற்று. அரசாங்கம் பயிர்ச் சேதத்தைக் கணக்கெடுத்தது. இடிந்த வீட்டையும் செத்த மாட்டையும் கணக்கெடுத்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. இவையெல்லாம் ஸ்தூலமான நஷ்டங்கள். தலைமாட்டில் சார்ஜில் போட்டிருந்த போன் தண்ணீரில் மூழ்கியபோது அதனுள்ளிருந்த பெயர்களுக்கு நேர்ந்த சூட்சும நஷ்டத்தைக் கணக்கெடுக்க எந்தப் படிவமும் இல்லை.

ஆனால் வெள்ளம் வடிந்த வாரங்களில் செல்போன் சர்வீஸ் கடைகளுக்கு வந்தவர்கள் அந்த நஷ்டத்தின் அளவை நன்றாக அறிந்திருந்தார்கள். "போன் போனா போவுது தம்பி, நம்பர மட்டும் எடுத்துக் குடு" என்பதே அவர்கள் பேச்சின் சாரம். இந்தப் பிரதேசத்தில் ஜீவனம் நடப்பதே பரிச்சயத்தினால்தான் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த வேண்டுகோளின் ஆழம் விளங்கும். கரும்பு வெட்ட ஆள் கொண்டு வரும் மேஸ்திரி, மணிலா ஆய்வதற்குப் பெண்களைத் திரட்டும் அக்கா, மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டையை எப்போது இறக்கலாம் என்று சொல்லும் எடைக்காரர், மோட்டார் காயில் எரிந்தால் இரவிலும் வரும் மெக்கானிக், முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் வழி சொல்லக்கூடிய தூரத்து உறவு என்று, சம்பளமோ ஒப்பந்தமோ இல்லாமல் முகப் பழக்கத்தின் மேல் மட்டும் நிற்கும் ஒரு சமூகத்தின் அஸ்திவாரம் அந்தப் பட்டியல். அதில் யாருக்கும் முழுப்பெயர் கிடையாது. 'மயிலம் டிராக்டர்', 'போர்வெல் அண்ணன்', 'திண்டிவனம் சித்தி', 'செஞ்சி மாமா புது நம்பர்' என்று ஊராலும் தொழிலாலும் உறவாலும் அடையாளம் பெற்றவர்களே அதில் வரிசையாக நிற்கிறார்கள்.

அந்தப் பட்டியல் கருவிக்குள் எந்த ரூபத்தில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நிபுணர்களுக்கு மட்டும் உரிய காரியம் என்று நாம் ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு போன்களில் அது 'காண்டாக்ட்ஸ்2' என்ற பெயருடைய ஒரு தரவுத்தளக் கோப்பு. அதை எழுதவும் படிக்கவும் பயன்படும் எஸ்கியூலைட் என்ற சாதனம் தோன்றிய வரலாறே சிந்தனைக்கு உரியது. 2000-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர், கடற்படையின் போர்க்கப்பலொன்று அடிபட்டால் எந்த வால்வை மூடுவது, எதைத் திறப்பது என்று சொல்லக்கூடிய மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார். அந்த மென்பொருள் தனக்கு வேண்டிய விவரங்களுக்கு வேறொரு சர்வரை நம்பியிருந்தது. சர்வர் நின்றால் இதுவும் கைவிரித்தது. சேதம் நேர்ந்த வேளையில்தான் மிகவும் தேவைப்படும் ஒன்று, சேதம் நேர்ந்த வேளையிலேயே பயனற்றுப் போவதைச் சகியாமல், எவரையும் எதிர்பாராமல் ஒரே கோப்புக்குள் தன் உடைமை அனைத்தையும் வைத்துக்கொள்ளும் தரவுத்தளத்தை அவர் படைத்தார். படைத்ததைப் பொதுவுடைமையாக உலகத்துக்கு அளித்தும் விட்டார். இன்று அநேகமாக எல்லாச் செல்பேசிகளிலும் அது இருக்கிறது. 2050-ஆம் ஆண்டு வரை அதைப் பேணுவதாக அதன் ஆசிரியர்கள் சங்கற்பம் செய்திருக்கிறார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் நெடுங்காலப் பாதுகாப்புக்கு ஏற்ற வடிவங்களுள் ஒன்றாக அதை ஏற்றிருக்கிறது. ஆபத்தைக் கருத்தில் கொண்டு பிறந்த அந்தக் கோப்பு, விழுப்புரத்து வெள்ளத்திலும் தன் பிறவிக் குணத்தைக் காட்டியதில் வியப்பில்லை.

அதன் அமைப்பு எளிமையானது. கோப்பு முழுவதும் சம அளவுள்ள பக்கங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒரு பக்கத்துக்கு 4,096 பைட்டு என்பது இக்காலத்து வழக்கமான அளவு. பக்கத்தின் தலைப்பில் எந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்று காட்டும் குறிப்புகள் மேலிருந்து கீழாக வளர்கின்றன. பதிவுகளோ பக்கத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி நிரம்புகின்றன. நாம் ஒரே வரியாகக் காணும் பெயரும் எண்ணும் உள்ளே ஒரே வரியாக இல்லை. பெயர் ஒரு பதிவு, எண் மற்றொரு பதிவு. இரண்டும் ஒரே மனிதருக்கு உரியவை என்று சொல்வது இரண்டிலும் பொதுவாக எழுதப்பட்டிருக்கும் ஓர் இலக்கம் மட்டுமே. அந்தச் சிறிய இலக்கம் கெட்டுப்போனால் பெயர் ஒரு பக்கமும் எண் ஒரு பக்கமுமாக, ஒன்றையொன்று அறியாமல் நிற்கும். எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று வேறொரு அட்டவணையும் இருக்கிறது; அதில் ஒவ்வோர் எண்ணின் கடைசி 7 இலக்கங்கள் தலைகீழாக எழுதப்பட்டிருக்கும். ஒரே எண்ணை ஒருவர் +91 சேர்த்தும், ஒருவர் முன்னால் சுழியம் இட்டும், ஒருவர் ஒன்றுமில்லாமலும் எழுதுவதால், தலையை விட்டு வாலைப் பிடித்து ஆளைக் கண்டறியும் உபாயம் அது. கடைசி நாலு நம்பரைச் சொன்னால் இன்னார் என்று சொல்லிவிடும் நம் வீட்டுப் பெரியவர்களின் உபாயமும் அதுவே.

கோப்பைக் கச்சா நிலையில் திறந்து பார்த்தால் எல்லாம் எண்களாகவே தெரியும். தமிழில் எழுதிய பெயர் அதில் எப்படி இருக்கும் என்பதை ஓர் உதாரணத்தால் காட்டலாம். 'அம்மா' என்ற பெயரை யூனிகோட் முறையில் எழுதிய போன், தசம எண்ணாகச் சொன்னால், 224 174 133, 224 174 174, 224 175 141, 224 174 174, 224 174 190 என்று பதினைந்து பைட்டுகளாக அதை வைத்திருக்கிறது. புள்ளியும் துணைக்காலும் உட்படத் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. முதலாவது எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. ஆகவே லட்சக்கணக்கான எண்களுக்கு நடுவில் 224-ம் 174-ம் விட்டுவிட்டு வரும் இடத்தைக் கண்டால் அங்கே தமிழ் இருக்கிறது என்று நிச்சயிக்கலாம். தெரியாத கண்ணுக்கு அது குப்பை. தெரிந்த கண்ணுக்கு அது ஒருவனுடைய தாய்.

இனி அழித்தல் என்ற செயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். திரையில் ஒரு பெயரைத் தொட்டு 'டெலீட்' கொடுக்கிறோம்; பெயர் மறைகிறது; அழிந்துவிட்டது என்று நம்புகிறோம். உள்ளே நடப்பது வேறு. மின்னஞ்சல் கணக்கோடு இணைந்த பதிவாயின், முதலில் அதன் பக்கத்தில் 'நீக்கப்பட்டது' என்ற அடையாளமாக 1 என்ற இலக்கம் மட்டும் எழுதப்படுகிறது. தொலைவிலுள்ள சர்வரிலும் நீக்கியாயிற்று என்று செய்தி வந்த பிறகே இரண்டாவது முறையாக அந்தப் பதிவு கோப்பிலிருந்து விலக்கப்படுகிறது. அவ்வாறு விலக்கும்போதும், பழைய கருவிகளில், பதிவு இருந்த இடம் காலி என்று குறிப்பதற்காக அதன் முதல் நான்கு பைட்டுகள் மட்டுமே மாற்றி எழுதப்படுகின்றன. பெயரும் எண்ணும் இருந்தது இருந்தபடியே கிடக்கின்றன. வருகைப் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்பட்ட மாணவன், ஆசிரியர் அழைக்காவிட்டாலும், வேறொருவன் வந்து சேரும்வரை தன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பதைப் போன்றது அது. இந்த உண்மை எனக்கு ஒரு தத்துவமாகவே படுகிறது. நாம் அழிவு என்று அழைப்பதில் பெரும்பகுதி பொருளின் அழிவே இல்லை. பொருளுக்குச் செல்லும் வழியின் அழிவு. வழி மறைந்ததும் பொருளும் இல்லையென்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அந்த வழியை மீண்டும் வெட்டும் காரியத்தை விழுப்புரத்தில் ஒரு சர்வீஸ் கடையில் அருகிருந்து பார்த்தேன். பத்து வருஷத்துக்கு மேற்பட்ட பழைய போன். மயிலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மாள் கொண்டு வந்திருந்தார். போன் அவருடைய காலஞ்சென்ற கணவருடையது. முதல் வருஷத் தெவசத்துக்கு யார் யாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்பது அதற்குள் இருந்தது. கடைக்காரத் தம்பி போர்டைத் தனியே கழற்றி, ஸ்பிரிட்டில் கழுவி, பிரஷ்ஷால் துடைத்து, சூட்டுக்காற்றில் உலர்த்தி உயிர்ப்பித்தபோது, திரை வந்தது. பட்டியல் மட்டும் வெறுமையாக இருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்று கோப்பு சிதைந்துபோனால், அதை விலக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை ஆரம்பிப்பது ஆண்ட்ராய்டின் பொதுவான சுபாவம். நல்ல வேளையாக அது பூட்டுக் குறியீடு இல்லாத காலத்துப் போன். கடைக்காரர் அதன் நினைவுச் சில்லு முழுவதையும் அப்படியே கணினிக்குப் பிரதியெடுத்தார். அவர்கள் பாஷையில், டம்ப் எடுத்தார். பிறகு, விலக்கப்பட்ட கோப்பின் பக்கங்களை அந்தப் பெருங்குவியலில் தேடத் தொடங்கினார்.

ஆங்கில எழுத்தில் எழுதிய பெயர்கள் கண்ணுக்கு நேராகவே தெரிந்தன. தமிழ்ப் பெயர்கள் இருந்த இடமெல்லாம் புள்ளியும் கோடுமாக இருந்ததை முதலில் சேதமென்று தள்ளியவர், மூன்று மூன்றாக ஓர் ஒழுங்கு வருவதைக் கண்டு, அந்த வரிசையைத் தமிழாக மாற்றிப் பார்த்தார். திரையில் 'பெரியப்பா கூட்டேரிப்பட்டு' என்று எழுந்தது. அதற்குப் பிறகு பெயர்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. பொது இலக்கம் பிழைத்திருந்த இடங்களில் பெயரோடு எண் சேர்ந்தது. பிழைக்காத இடங்களில் எண்கள் பெயரற்று நின்றன. 04146, 04147 என்று தொடங்கும் பழைய லேண்ட்லைன் எண்களும் அவற்றுள் இருந்தன. அந்த வீடுகளில் இப்போது அந்த மணி அடிப்பதேயில்லை. "இது யாருதும்மா, கடைசி நாலு நம்பர் சொல்றேன்" என்று அவர் படிக்க, "அது எங்க நாத்தனாரு வூட்டுது தம்பி" என்று அம்மாள் பதில் சொல்ல, இயந்திரத்தில் அறுந்த சம்பந்தங்கள் ஒரு ஸ்திரீயின் ஞாபகத்தில் மீண்டும் ஒட்டப்பட்டன. சாஸ்திரமும் ஸ்மரணையும் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நடுவில் ஒரு பெயர் வந்தது: 'மேல்மலையனூர் 2'. எண் முழுமையாக இருந்தது; பொது இலக்கமும் பிழைத்திருந்தது; ஒரு பைட்டுகூடக் கெடவில்லை. அம்மாளுக்கு அது யாரென்று தெரியவில்லை. இரண்டாவது என்று எழுதியிருந்தால் முதலாவது யார் என்பதும் தெரியவில்லை. கணவர் அமாவாசைதோறும் அங்காளம்மன் கோயிலுக்குப் போய்வந்தவர். அங்கே பழகியவராக இருக்கலாம். கொடுக்கல் வாங்கல் உள்ளவராக இருக்கலாம். அழைத்துப் பார்த்ததில் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் சொல்லிற்று. கைவிடப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்கு வழங்கலாம் என்பது நம் நாட்டு விதி. ஆதலால் நாளை அதே எண்ணில் சம்பந்தமற்ற ஒருவர் பதில் சொல்லவும் கூடும். முழுமையாக மீட்கப்பட்ட அந்த ஒரு பதிவே முழுமையாக இழக்கப்பட்ட பதிவாகவும் இருந்தது.

கோப்பின் மீது குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. எழுதியதை அது கொடுத்துவிட்டது. சில சாதனங்கள் அந்த அளவுக்கும் இடம் கொடுப்பதில்லை. சிம் கார்டில் சாதாரணமாக 250 பெயர்களுக்கு இடமுண்டு; ஒவ்வொரு பெயருக்கும் பல கார்டுகளில் 14 பைட்டுதான். குறிக்கு இரண்டு பைட்டாகத் தமிழை அதில் எழுதினால், எழுதும் முறையைச் சுட்டும் ஒரு பைட்டு போக, ஆறு குறிகளுக்கு மேல் கொள்ளாது. 'அம்மா' அடங்கிவிடுவாள், 'பெரியப்பா' என்பவர் 'பெரியப' என்ற அளவில் வெட்டுப்படுவார். ஆகவேதான் நம்மவர்கள் வெகுகாலம் உறவுகளை ஆங்கில எழுத்தில், அதுவும் உயிரெழுத்துகளை விழுங்கிச் சுருக்கி எழுதிவந்தார்கள். அந்தச் சுருக்கங்களை விரித்துப் படிக்கும் திறவுகோல் எழுதியவருடைய மனத்தில் மட்டும் இருந்தது. அவரோடு அது போய்விடுகிறது.

எழுத்து இருந்தும் அதைப் படிக்கும் திறவுகோல் மறைந்துபோவது நம் காலத்துப் புதுமையன்று. செஞ்சிக்கு அருகே சிறுகடம்பூரில் திருநாதர்குன்று என்றொரு பாறை இருக்கிறது. அதில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அங்கேயே, பிராமியிலிருந்து வட்டெழுத்து உருவாகிவந்த பருவத்து எழுத்தில், ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் வெட்டிய ஒரு சிறிய கல்வெட்டும் இருக்கிறது. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து அவ்விடத்தில் உயிர் நீத்தார் என்பதே அது கூறும் செய்தி. வெயிலும் மழையும் புயலும் அதைத் தொடவில்லை. ஆனால் அந்த எழுத்தையும் அதற்கு முந்தைய பிராமியையும் படிக்கும் வழி நம்மிடமிருந்து நெடுங்காலம் மறைந்திருந்தது. தமிழ்நாட்டுக் குகைகளில் இருந்த பழைய எழுத்துகளைப் பார்த்தவர்கள் அவற்றை வேறு பாஷை என்று கருதியிருக்க, 1924-ஆம் ஆண்டு சென்னையில் கூடிய கீழ்த்திசை மாநாட்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர்தான் அவை தமிழ் என்று எடுத்துக்காட்டினார். கல் மாறவில்லை, எழுத்து மாறவில்லை, படிக்கும் கண் திறந்தது. புள்ளியும் கோடுமாகத் தெரிந்ததில் ஓர் ஒழுங்கைக் கண்டு அதைத் தமிழென்று அறிந்த கடைக்காரரும், தம்மை அறியாமலே, அந்த மகத்தான பரம்பரையில் வந்தவர் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஆயினும் படித்த பிறகு நமக்குக் கிடைப்பது என்ன? ஒரு பெயரும் ஓர் எண்ணும். சந்திரநந்தி, 57. அந்த ஐம்பத்தேழு நாளும் அவருக்கு அருகிலிருந்து பணிவிடை செய்தவர் யார், பாறையில் எழுத்து வெட்டக் கூலி கொடுத்தவர் யார், அவரிடம் பாடம் கேட்ட மாணாக்கர்கள் எந்த ஊரார் என்று கேட்டால் கல் மௌனமாக இருக்கிறது. அவையெல்லாம் அன்றைக்கு எல்லோரும் அறிந்தவை. எல்லோரும் அறிந்ததை எழுத வேண்டுமென்று எவருக்கும் தோன்றாது. சரித்திரத்தில் காணாமற்போனவற்றுள் பெரும்பகுதி பகைவர் அழித்ததோ கரையான் தின்றதோ அல்ல என்றும், தெரிந்ததுதானே என்று விடப்பட்டதே என்றும் நான் நினைக்கிறேன்.

இங்கே மற்றொரு நியாயத்தையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. அழித்த பெயர் அழியாமல் கிடக்கிறது என்பது ஒரு விதவைக்கு அனுக்கிரகமாக இருக்கலாம். வேறொருவருக்கு அது பெரிய பயம். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் பெண், தன்னைத் துன்புறுத்தியவனுடைய எண்ணையும் அவனுடைய செய்திகளையும் அழித்துவிட்டதாக நிம்மதி கொள்கிறாள். அது அந்நியன் ஒருவனுடைய மேஜையில் உயிர்பெறுமானால் அந்த மீட்பு அதர்மமாகும். பட்டியலில் உள்ள ஒவ்வோர் எண்ணும் இருவருக்குச் சொந்தம்: வைத்திருப்பவருக்கு ஒரு பாதி, அந்த எண்ணில் பதில் சொல்பவருக்கு ஒரு பாதி. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவை அழிக்கும்படி கேட்கும் உரிமையை அங்கீகரித்திருக்கிறது. எஸ்கியூலைட்டிலும் காலியான இடத்தைச் சுழியங்களால் நிரப்பும் ஏற்பாடு உண்டு. அது இயங்கும் கருவியில் அழித்தது மெய்யாகவே அழிகிறது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், புதிய போன்கள் அனைத்திலும் உள்ளே எழுதப்படுவது முழுவதும் குறியீட்டுப் பூட்டுக்குள் இருப்பது கட்டாயமாயிற்று. சில்லைப் பிரதியெடுத்தாலும் சாவி இல்லாதவருக்கு அர்த்தமற்ற எண்களே கிடைக்கும். இது சரியான ஏற்பாடு என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம். மறக்கப்பட வேண்டும் என்று ஒருவர் விரும்பியதை மறந்துவிடுவதும் மரியாதையின் ஒரு வகைதான்.

ஆனால் இதன் விளைவையும் நாம் கண்ணாரப் பார்க்க வேண்டும். விழுப்புரத்துக் கடையில் நான் பார்த்த வித்தை இனிக் கொஞ்ச காலத்துக்குத்தான். பழைய போன்கள் மறைந்ததும், கச்சாக் கோப்பைத் துருவிப் பெயர்களை எழுப்பும் அந்த மார்க்கம் அநேகமாக மூடிவிடும். அதன் இடத்தில் கூகுள் கணக்கு முதலிய பிரதிகள் இருக்கின்றன. அங்கே நீக்கிய தொடர்புகளை 30 நாள் வரை திரும்பப் பெறலாம். சௌகரியமான ஏற்பாடு, மகனோ மகளோ உடனிருந்து செய்துகொடுத்தால் எவரும் அடையக்கூடியது. வெள்ளம் வரும் மாவட்டத்தில் பெற்றோரின் போனுக்கு அதைச் செய்து வைக்காமலிருப்பது, கூரையில் ஓட்டை தெரிந்தும் ஓடு மாற்றாமலிருக்கும் அசிரத்தையே. எனினும் எந்தப் பிரதியும் மூலத்தில் உள்ளதைத்தான் கொடுக்கும். மூலத்தில் 'மேல்மலையனூர் 2' என்றிருந்தால் ஆகாயத்திலிருந்து இறங்கி வருவதும் 'மேல்மலையனூர் 2' தான்.

அந்தக் கோப்பின் அமைப்பை வகுத்தவர்கள் இதை யோசிக்காமலில்லை என்பதே என்னை மிகவும் நெகிழச் செய்த விஷயம். பெயருக்கும் எண்ணுக்கும் வகை ஏற்படுத்தியதுபோலவே, இவர் இன்னாருக்கு என்ன உறவு என்பதற்கென்று தனியாக ஒரு வகையையும், விருப்பம்போல் குறிப்பு எழுதுவதற்கென்று மற்றொரு வகையையும் அவர்கள் ஏற்படுத்தியிருக்கிறார்கள். பிறந்த நாளை எழுதவும் இடமுண்டு. அநேகமாக எல்லாப் போன்களிலும் அந்த இடங்கள் வெறுமையாக இருக்கின்றன. அவசரத்தில் எண்ணைப் பதிகிறோம். நமக்குத் தெரியுமே என்ற நம்பிக்கையில் மேலே போய்விடுகிறோம். ஒரு வரிக்கு மேல் வேண்டியதில்லை. 'அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ரத்தம் கொடுத்தவர்' என்றோ, 'தங்கை கல்யாணத்துக்கு முன்பணம் இல்லாமல் பந்தல் போட்டவர், பாக்கி தீர்ந்தது' என்றோ எழுதியிருந்தால், பின்னால் வருகிறவன் அந்த எண்ணை அழைக்கும்போது அவனுடைய குரல் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதியதாக ஆகும்.

பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் செய்யத்தக்க ஒரு காரியமாக இதை நான் சொல்லுவேன். பட்டியலை முதலிலிருந்து திறந்து, ஒவ்வொரு பெயராகப் படித்து, இவர் யார், எப்படிப் பழக்கம், நாம் இவருக்குப் பட்ட கடன் என்ன, இவர் நமக்குப் பட்ட கடன் என்ன என்று கேட்டு, அவர்கள் சொல்லச் சொல்லக் குறிப்பில் எழுதிவிட வேண்டும். பெயர்கள் சில நூறு இருந்தாலும், சொல்லுகிறவர்களுக்கு அது சிரமமாகவே இராது. தங்கள் வாழ்வை ஒருவர் அக்கறையோடு கேட்கிறார் என்ற திருப்தி மிஞ்சும். கேட்கிறவனுக்கோ தன் குடும்பம் எத்தனை பேருடைய உபகாரத்தின் மேல் நிற்கிறது என்ற ஞானம் சித்திக்கும். அழித்ததை மீட்பதற்கு இன்று ஒரு சாஸ்திரம் இருக்கிறது; நாளை வேறொரு சாஸ்திரம் வரலாம். எழுதாததை மீட்பதற்கு எந்தக் காலத்திலும் எந்தச் சாஸ்திரமும் வரப்போவதில்லை. சொல்லக்கூடியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வதை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க நமக்கு உரிமையில்லை.